கல்லீரல் இன்சுலின் சொல்வதில் பாதியை மட்டும் கேட்பது ஏன்?

வணக்கம். உயிர்வேதியியல் படிக்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கல்லீரல் செல்லில் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பு கூடினால், அது பிகேசி எப்சிலான் நொதியைத் தூண்டி இன்சுலின் ஏற்பியை (இன்சுலின் வந்து ஒட்டும் செல் புரதத்தை) மந்தமாக்குகிறது என்கிறார்கள். சரி, அதனால், இன்சுலின் அடக்க வேண்டிய ஃபாக்ஸோ-1 (குளுக்கோஸ் தயாரிக்கும் மரபணுக்களை இயக்கும் புரதம்) அடங்காமல் குளுக்கோஸ் உற்பத்தி தொடர்வது புரிகிறது.

ஆனால் அதே இன்சுலின் சொல்லித்தானே எஸ்ஆர்இபிபி-1சி (கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்களை இயக்கும் புரதம்) வழியாகக் கொழுப்பும் தயாராகிறது? ஏற்பியே மந்தம் என்றால் அதுவும் குறைய வேண்டாமா? டைப் 2 நீரிழிவில் பலருக்கு இரண்டுமே கூடுகின்றன! ஏற்பியின் மரபணுவே பழுதானவர்களுக்கோ கல்லீரலில் கொழுப்பு சேர்வதில்லை. இதைப் படித்ததும் இருந்த கொஞ்சம் தெளிவும் போய்விட்டது.

இன்சுலின் செய்தியின் பாதை பிரிவது, அதைச் செல்லுக்குள் கடத்தும் ஏகேடி நொதிக்குப் பிறகா? இல்லை, ஃப்ரக்டோஸும் ரத்தத்தில் வரும் கொழுப்பு அமிலங்களும்தான் காரணமா? தெரிந்தவர்கள் விளக்குங்களேன். அடுத்த வாரம் செமினார் வேறு இருக்கிறது.