ப்ளைவுட் அலமாரி: பாலிஷ் வெளுக்கிறது, ஓரங்கள் சொரசொரப்பு. என்ன செய்யலாம்?

கேள்வி (வேளச்சேரி)
வணக்கம். மர வேலைக்குப் புதியவன். 19 மி.மீ. ப்ளைவுட்டில் ஓர் அலமாரி செய்திருக்கிறேன். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் ப்ளை. சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) அடித்து, உப்புத்தாள் தேய்த்து, மேலே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் லாக்கர் என்ற நிறமில்லாத பாலிஷ் அடித்தேன். வெளியே மழை. காயும்போதே பால் தெளித்ததுபோல் வெள்ளை படர்ந்துவிட்டது. வெட்டிய ஓரங்களோ எவ்வளவு அடித்தாலும் குடித்துக்கொண்டே இருக்கின்றன. கதவுகளுக்கு வெளிப்பக்கம் மட்டும் அடித்திருக்கிறேன். எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டுமா? சன்மைக்கா வேண்டாம், மர ரேகை தெரிய வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

பதில் (அம்பத்தூர்)
சுரண்ட வேண்டாம் தம்பி. லாக்கரில் கலந்திருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம்ம ஊரில் இது அடிக்கடி நடக்கும். நல்ல வெயில் நாளில், காலை ஈரம் வடிந்தபின், மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கடையில் ரிட்டார்டர் என்று கேட்டு வாங்கி, மெல்லிசாக ஒரு கோட்டு ஸ்ப்ரே செய்யுங்கள். மேல்படலம் இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாத இடத்தை மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி அடிக்கலாம். அழுத்தித் தேய்க்காதீர்கள். ப்ளையின் மேல்தாள், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மர அடுக்கு, பெரும்பாலும் அரை மி.மீ.கூட இருக்காது, அடியில் இருக்கும் தாள் தெரிந்துவிட்டால் எந்தப் பாலிஷும் அதை மறைக்காது.

அப்புறம் 710 பற்றி. அந்த முத்திரை தாள்களை ஒட்டிய பசை தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. மேல்பரப்புக்குப் பாதுகாப்பு தனியாகத் தர வேண்டும்.

பதில் (பெரம்பூர்)
கதவின் உட்பக்கத்தை முதலில் கவனியுங்கள், அதுதான் அவசரம். ஒரு பக்கம் அடைபட்டு, மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் கதவு வளைந்துவிடும். வளைந்த ப்ளையை நிமிர்த்துவது பெரும்பாடு. முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கையில் கோட்டு வேண்டும்.

ஓரங்களுக்குப் பாலிஷ் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அங்கே நார்களின் வாய் திறந்திருக்கிறது, அதனால்தான் குடிக்கிறது. ரேகை தெரியும் அலமாரிக்குத் தேக்கு பீடிங் (ஓரத்தை மூடும் மெல்லிய மரச் சட்டம்) ஒட்டுவதுதான் அழகு. வாங்கும் சட்டம் ப்ளையின் தடிமனைவிட ஒரு மி.மீ. அகலமாக இருக்கட்டும், ஃபெவிகால் காய்ந்ததும் சமமாக இழைத்துவிடலாம். ஆனால் ஓரத்தில் ஏற்கெனவே பட்ட லாக்கரை முழுதாகத் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. பீடிங் முடியாத இடத்தில் மர நிறப் பட்டி போட்டு, 180, 220 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, சீலரை மெல்லிய கோட்டுகளாக இரண்டு மூன்று முறை அடியுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி அண்ணா. ரிட்டார்டர் வாங்கி வருகிறேன். மழை விடாவிட்டால், தண்ணீர் கலந்த பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிக்கலாமா?

பதில் (அம்பத்தூர்)
பாலிஷ் படாத உட்பக்கங்களுக்கு அடிக்கலாம், வாடையும் குறைவு. இதில் பால் நிறம் பூப்பது தொல்லை தராது. ஆனால் மழை நாளில் மெதுவாகத்தான் காயும், பொறுமை வேண்டும். முதல் கோட்டு பட்டதும் நார் எழும்பும், பயப்படாதீர்கள். காய்ந்தபின் 320-ல் லேசாகத் தேய்த்து அடுத்த கோட்டு. ஏற்கெனவே என்.சி. உள்ள இடத்தில் நேரடியாக அடிக்காமல், மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள்.

பதில் (பெரம்பூர்)
இன்னொன்று தம்பி. என்.சி. லாக்கரும் தின்னரும் சட்டெனத் தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், முகத்தில் ஆவிக்கான மாஸ்க் இருக்கட்டும். பக்கத்தில் கேஸ் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. அம்மாவிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். துணிகளையும் பாத்திரங்களையும் வாடை முழுதாகப் போனபின் அடுக்கினால் போதும்.