டெபியன் 12க்கு மாறினதும் நெட்வொர்க் பாதியில் தொங்குது: கார்டு கோளாறா, டிரைவர் கோளாறா?

இரவுப்பணி:
வணக்கம். ஃபைல் சர்வர் ஒண்ணை டெபியன் 11லேர்ந்து 12க்கு ஏத்தினோம். கெர்னல் 5.10 போய் 6.1 வந்திருக்கு. அதுலேர்ந்து ராத்திரி ஆர்சிங்க் (ஃபைல்களை ஒப்பிட்டு நகலெடுக்கிற கருவி) பேக்கப் ஓடும்போது நெட்வொர்க் செத்துப்போகுது. மெஷின் ஓடிக்கிட்டுதான் இருக்கு, கீபோர்டு வேலை செய்யுது, லிங்க் லைட்டும் எரியுது. ஆனா பிங் போகாது. இன்டர்ஃபேஸை டவுன் பண்ணி அப் பண்ணினா உடனே வந்துடுது. டிமெசேஜ்ல (கெர்னலோட லாக்) கிடைச்சது இது:

நெட்டெவ் வாட்ச்டாக்: ஈஎன்பி3எஸ்0: டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்டு அவுட்

குழப்பம் என்னன்னா, இந்த வரி ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கு. அதுக்கப்புறமும் நின்னுக்கிட்டேதான் இருக்கு, லாக்ல ஒண்ணும் இல்ல. அப்போ ரெண்டு வேற வேற பிரச்சினையா? கேபிளும் சுவிட்ச் போர்ட்டும் மாத்தியாச்சு. மதர்போர்டோட வர்ற 1 கிகாபிட் கார்டு. புதுசு வாங்கிப் போடுன்னு மேலேர்ந்து நெருக்குறாங்க. காரணம் தெரியாம வாங்க மனசு வரல.

கருந்திரை:
இப்ப வாங்காதீங்க. முதல்ல அந்த வரி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். அனுப்ப வேண்டிய பாக்கெட்டைக் கெர்னல், கார்டோட டிரான்ஸ்மிட் ரிங்ல (அனுப்பக் காத்திருக்கிற வரிசை) வைக்குது. கார்டு அனுப்பி முடிச்சதும் இன்டரப்ட் (முடிஞ்சதுங்கிற சிக்னல்) கொடுக்கணும், டிரைவர் அந்த இடத்தைக் காலி பண்ணணும். அது நடக்காம ரிங் நிரம்பி, க்யூவும் நின்னு, டிரைவர் வச்சிருக்கிற கெடு தாண்டிட்டா வாட்ச்டாக் (கெர்னலோட கண்காணிப்பு டைமர்) கத்தும். கெடு பெரும்பாலும் 5 செகண்ட். ஆக, கார்டுகிட்டேர்ந்து பதில் வரலைங்கிறது மட்டும்தான் உறுதி. கார்டு செத்திருக்கலாம், இன்டரப்ட் தொலைஞ்சிருக்கலாம், டிரைவர் குழம்பியிருக்கலாம், பிசிஐ லிங்க் தூங்கியிருக்கலாம்.

ஒரு தடவை மட்டும் வந்ததுக்குக் காரணம் சுலபம். 6.1ல அந்த எச்சரிக்கை ஒரு பூட்டுக்கு ஒரு முறைதான் அச்சாகும். லாக்கை நம்பி எண்ணாதீங்க. சிஸ் டைரக்டரிக்குள்ள கிளாஸ், நெட், உங்க இன்டர்ஃபேஸ், க்யூஸ், டிஎக்ஸ்-0 வரைக்கும் போனா டிஎக்ஸ்_டைம்அவுட்னு ஒரு ஃபைல் இருக்கும். கேட் பண்ணிப் பாருங்க, உண்மையான எண்ணிக்கை அதுல இருக்கு.

கூடவே ஈத்டூல் பெரிய எஸ் கொடுத்து வர்ற கார்டோட கணக்கு, எல்எஸ்பிசிஐ -என்என்கே (பிசிஐ சாதனப் பட்டியல்), மாட்இன்ஃபோ -என் (டிரைவர் ஃபைல் எங்க இருக்குன்னு காட்டும்) மூணையும் போடுங்க. பழைய 5.10 கெர்னல் கிரப் மெனுவுல இன்னும் இருந்தா, அதுல ஒரு ராத்திரி பேக்கப் ஓட்டிப் பாருங்க. கார்டா மென்பொருளாங்கிறதை இதைவிட வேகமா பிரிச்சுக் காட்டுற சோதனை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

தாமிரக்கம்பி:
ஒண்ணு சேர்த்துக்குங்க. அடுத்த தடவை தொங்கும்போது, இன்டர்ஃபேஸைத் தொடறதுக்கு முன்னாடியே எல்எஸ்பிசிஐ ஓட்டுங்க. கார்டோட வரியில ரிவிஷன் எஃப்எஃப்னு காட்டினா கார்டு பஸ்ஸை விட்டே விழுந்துடுச்சுன்னு அர்த்தம், அது வேற கதை. வழக்கமான ரிவிஷன் எண்ணே வந்தா கார்டு பஸ்ல பதில் சொல்லிக்கிட்டுதான் இருக்கு.

எஸ்எஸ்ஹெச்ல உட்கார்ந்துக்கிட்டு டவுன் கொடுக்காதீங்க. டவுன், ஸ்லீப், அப் மூணையும் ஒரே வரியில, டீமக்ஸ்குள்ள (இணைப்பு அறுந்தாலும் கமாண்டை ஓட விடுற கருவி) போடுங்க. மாட்யூலைக் கழட்டி மாட்டினாலும் அப்படித்தான்.

இரவுப்பணி:
ரெண்டு பேருக்கும் நன்றி. பார்த்ததை எழுதுறேன்.

டிஎக்ஸ்_டைம்அவுட் எண்ணிக்கை, நின்ன தடவைகளோட சரியா ஒத்துப்போகுது. ஒரே பிரச்சினைதான். சிஆர்சி பிழை (வயர்ல டேட்டா கெடுறது) 0. தொங்கும்போது எல்எஸ்பிசிஐல ரிவிஷன் வழக்கமானதே. 5.10ல பேக்கப் விடிய விடிய ஓடிச்சு, ஒரு சிக்கலும் இல்ல.

மாட்இன்ஃபோதான் ஆச்சரியம். ரெண்டு கெர்னல்லயும் டிரைவர் பேரு ஒண்ணுதான், ஆனா ஃபைல் வேற. 5.10ல அப்டேட்ஸ் டைரக்டரிக்குள்ள இருக்கிற டிகேஎம்எஸ்லேர்ந்து (வெளி டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் கம்பைல் பண்ற கருவி) வருது. 6.1ல கெர்னல் டிரைவர்ஸ் டைரக்டரியிலேர்ந்து வருது. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கொடுத்தா 5.10க்கு மட்டும்தான் இன்ஸ்டால்டுன்னு காட்டுது. எனக்கு முன்னாடி இந்த சர்வரைப் பார்த்துக்கிட்டவர் போட்டது போல.

கருந்திரை:
அப்போ கார்டு தப்பிச்சது. இதுநாள் வரைக்கும் ஓடினது கார்டு தயாரிச்சவங்க தர்ற வெளி டிரைவர். பேரு ஒண்ணா இருந்தா அப்டேட்ஸ்ல இருக்கிறதுக்குத்தான் முன்னுரிமை. 6.1க்கான ஹெடர்ஸ் பேக்கேஜ் (கம்பைலுக்குத் தேவையான ஃபைல்கள்) இல்லாததால டிகேஎம்எஸ் அதை மறுபடி கம்பைல் பண்ணியிருக்காது, சத்தமில்லாம கெர்னலோட சொந்த டிரைவர் ஏறிடுச்சு. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 மெட்டா பேக்கேஜைப் போட்டு டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கொடுத்தா, அந்த வெளி டிரைவர் 6.1ல கம்பைல் ஆகற பட்சத்துல பழைய நிலைமை வந்துடும்.

ஆனா நான் அதைச் சிபாரிசு பண்ண மாட்டேன். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் கம்பைல் ஆகுமா ஆகாதான்னு காத்திருக்கணும். கெர்னலோட டிரைவர்லயே என்ன இடிக்குதுன்னு பார்க்கறதுதான் நிரந்தரம். முதல்ல ஈத்டூல் பெரிய கே போட்டு டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பெரிய டேட்டாவைப் பாக்கெட்டா வெட்டுறதைக் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுற வசதிகள்) ஆஃப் பண்ணுங்க. சின்ன கே பட்டியலைக் காட்டும், பெரிய கே மாத்தும். அதுல கோளாறு தீரலைன்னா அதைத் திரும்ப ஆன் பண்ணிட்டு, கிரப்ல பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் போட்டுப் பாருங்க. ஏஎஸ்பிஎம்ங்கிறது சும்மா இருக்கிற பிசிஐ லிங்கைத் தூங்க வச்சு மின்சாரம் மிச்சப்படுத்துற வசதி. ரெண்டையும் சேர்த்துப் பண்ணாதீங்க, எது மருந்துன்னு தெரியாமப் போயிடும்.

இரவுப்பணி:
டிஎஸ்ஓ ஆஃப் பண்ணியும் தொங்குது. திரும்ப ஆன் பண்ணிட்டு ஏஎஸ்பிஎம் ஆஃப் போட்டேன், அப்பவும் தொங்குது.

இன்னொண்ணு. ஐபெர்ஃப்3ஐ (நெட்வொர்க் வேகத்தை அளக்கிற கருவி) முழு வேகத்துல மணிக்கணக்கா ஓட்டினேன், டிஎக்ஸ்_டைம்அவுட் 0தான். ஆர்சிங்க் ஓட்டினா அரை மணி நேரத்துல நிக்குது. லோடு அதிகமானா நிக்கணும், இங்க தலைகீழா இருக்கே?

தாமிரக்கம்பி:
இந்த இழையிலேயே முக்கியமான தடயம் நீங்க இப்ப எழுதினதுதான். ஐபெர்ஃப் மூச்சு விடாம அனுப்பும், லிங்க் தூங்கவே வாய்ப்பில்ல. ஆர்சிங்க் அப்படி இல்ல. ஒரு பெரிய டைரக்டரியைப் படிச்சு எது மாறியிருக்குன்னு ஒப்பிடற நேரத்துல வயர்ல ஒண்ணும் போகாது, அப்புறம் திடீர்னு கொட்டும். அந்த இடைவெளியில லிங்க் எல்1ங்கிற தூக்க நிலைக்குப் போயிட்டு, திரும்ப எழும்போதுதான் இடறுது. எல்லாம் ஏஎஸ்பிஎம் பக்கமே கை காட்டுது.

"அதைத்தான் ஆஃப் பண்ணினேனே"ன்னு கேப்பீங்க. பண்ணலை. பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்னு போட்டா, ஏஎஸ்பிஎம் விஷயத்துல கெர்னல் கையே வைக்காது. பயோஸ் எப்படி வச்சிருந்துச்சோ அப்படியே விட்டுடும். பயோஸ் அதை ஆன்ல வச்சிருந்தா ஆன்லயேதான் இருக்கும். பேரைப் பார்த்து நிறைய பேர் ஏமாறுற இடம் இது. எல்எஸ்பிசிஐ -விவி ஓட்டி எல்என்கேசிடிஎல் (லிங்க் கன்ட்ரோல்) வரியைப் பாருங்க. ரூட்டா ஓட்டணும், இல்லாட்டி அந்தப் பகுதியே வராது.

அங்க எல்1 எனேபிள்டுன்னு இருந்தா, கிரப்ல போட்ட ஆஃபை முதல்ல எடுத்துட்டு ரீபூட் பண்ணுங்க. அது இருக்கிற வரைக்கும் நான் சொல்லப்போற ஃபைல் கண்ணுல படாது. பிறகு சிஸ், பஸ், பிசிஐ, டிவைசஸ் வழியா உங்க கார்டோட முகவரிக்குப் போங்க. லிங்க்னு ஒரு டைரக்டரி, அதுக்குள்ள எல்1_ஏஎஸ்பிஎம். அதுல 0 எழுதுங்க. அந்த ஒரு கார்டுக்கு மட்டும் தூக்கம் கட் ஆகும், மத்த சாதனங்களோட மின்சார சிக்கனம் அப்படியே இருக்கும். பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்.பாலிசி=பெர்ஃபார்மன்ஸ்னு போட்டாலும் வேலை நடக்கும், ஆனா அது மெஷின் முழுக்க எல்லாத்தையும் எழுப்பி வச்சிடும்.

சோதனைக்கு முழு வேக ஐபெர்ஃப் வேண்டாம். 5 செகண்ட் ஐபெர்ஃப், 10 செகண்ட் ஸ்லீப்னு ஒரு வைல் லூப் போடுங்க. தூங்கித் தூங்கி எழுந்தாத்தான் இந்தக் கோளாறு வெளியில வரும்.

இரவுப்பணி:
எல்என்கேசிடிஎல்ல "ஏஎஸ்பிஎம் எல்1 எனேபிள்டு"ன்னுதான் இருந்துச்சு, ஆஃப் போட்ட பிறகும்!

ஆஃபை எடுத்துட்டு, முதல்ல எதையும் மாத்தாம உங்க லூப்பை ஓட்டினேன். கொஞ்ச நேரத்துலயே தொங்கிடுச்சு. ஆர்சிங்குக்காக ராத்திரி வரைக்கும் காத்திருக்கத் தேவையே இல்லாமப் போச்சு. ரீபூட் பண்ணி, எல்1_ஏஎஸ்பிஎம்ல 0 எழுதி, அதே லூப்பை விட்டேன். சாயங்காலம் வரைக்கும் டிஎக்ஸ்_டைம்அவுட் 0. ராத்திரி பேக்கப்பும் முழுசா முடிஞ்சது. திரும்ப 1 எழுதிப் பார்த்தேன், மறுபடி தொங்குது. சந்தேகமே இல்ல.

வெளி டிரைவர் இருந்தவரைக்கும் ஏன் வரலைன்னு பார்க்க 5.10ல பூட் பண்ணினேன். அங்க அதே வரியில ஏஎஸ்பிஎம் டிஸேபிள்டு. அந்த டிரைவரே ஏறும்போது அணைச்சு வச்சிருக்கு.

ரீபூட்டுக்கு அப்புறமும் நிலைக்க என்ன பண்ணணும்? பயோஸ்ல ஏஎஸ்பிஎம்னு எந்த ஆப்ஷனும் இல்ல.

தாமிரக்கம்பி:
யூடெவ் ரூல் (சாதனம் தெரிஞ்சதும் தானா ஓடுற விதி) ஒண்ணு போதும். ஆக்‌ஷன் ஆட், சப்சிஸ்டம் பிசிஐ, ஆட்ரிபியூட்டா லிங்க் கீழ இருக்கிற எல்1_ஏஎஸ்பிஎம் 0. கார்டைப் பிடிக்க பஸ் முகவரியை எழுதாதீங்க. நாளைக்கு வேற ஒரு கார்டு செருகினா முகவரி நகர்ந்துடும். எல்எஸ்பிசிஐ காட்டுற வென்டர் எண், டிவைஸ் எண் ரெண்டையும் வச்சுப் பொருத்துங்க.

கருந்திரை:
பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் விஷயத்துல தாமிரக்கம்பி சொன்னதுதான் சரி, நானும் குறிச்சு வச்சுக்கிட்டேன். இரவுப்பணி, ஒரு வேலை பாக்கி இருக்கு. டிகேஎம்எஸ்ல கிடக்கிற அந்தப் பழைய டிரைவரை ரிமூவ் கொடுத்து எடுத்துடுங்க. இல்லாட்டி வேற எதுக்கோ யாராவது ஹெடர்ஸ் போடுவாங்க, அது தானா கம்பைல் ஆகி அப்டேட்ஸ்ல உட்கார்ந்துக்கும். அப்போ எந்த டிரைவர் ஓடுதுன்னு மறுபடி முதல்லேர்ந்து தேடணும். எடுக்கறதுக்கு முன்னாடி 6.1ல யூடெவ் ரூலோட ஒரு ரீபூட் பார்த்துடுங்க. எடுத்ததும் 5.10ல இந்தக் கார்டு இதே போல தொங்கலாம், அதனால அது உங்களுக்குத் திரும்பிப் போற வழியா இருக்காது.

இரவுப்பணி:
ரூல் போட்டு ரீபூட் பண்ணிப் பார்த்துட்டேன், 0 தானா ஏறுது. டிகேஎம்எஸ்லேர்ந்தும் எடுத்தாச்சு. கார்டு வாங்குற பேச்சை நிறுத்தச் சொல்லி, லூப் ஓடின லாக்கோட மெயில் அனுப்பிட்டேன். தலைப்புல தீர்ந்ததுன்னு போடுறேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.