குடியை விட்டவர்களே, உங்களை மாற்றியது எது?

மழைத்துளி:
என் கணவர் 11 வருடமாகத் தினமும் குடிக்கிறார். அழுதேன், சண்டை போட்டேன், கல்லீரல் பரிசோதனை முடிவைக் கண்முன்னே நீட்டினேன். பயந்துபோய் 9 நாள் நிறுத்தினார். அப்புறம் பழையபடிதான். மீண்டு வந்தவர்கள் சொல்லுங்கள், எது உங்களை விட வைத்தது?

பழைய பேனா:
சகோதரி, நான் நிறுத்தி 6 வருடமாகிறது. எனக்கும் டாக்டர் காட்டிய பயம் ஒரு வாரம்தான் தாங்கியது. பயம் வந்தால் அதை மறக்கவே குடிக்கத் தோன்றும்.

என்னை உலுக்கியது மகளின் மதிப்பெண் அட்டை. காலையில் என் கை நடுங்கும், கையெழுத்து கோணும். இரவு ஒரு கிளாஸ் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். ஒருநாள் அவள் கதவோரம் நின்று, நான் முதல் கிளாஸை முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் பேனாவை நீட்டினாள். 9 வயதுக் குழந்தை. என் கை எப்போது நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

ஆனால் வெட்கம் மட்டும் போதவில்லை. ஆலோசகர் ஒருவர், "குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 10க்கு எத்தனை?" என்றார். 4 என்றேன். "ஏன் 1 இல்லை?" என்று கேட்டார். மற்றவர்களெல்லாம் ஏன் 10 இல்லை என்றுதான் கேட்பார்கள். பதில் தேடியபோது, விடுவதற்கான காரணங்களை முதல்முறையாக என் வாயாலேயே சொன்னேன். அறிவுரை சொல்லாமல் இப்படிப் பேசவைக்கும் முறையை வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் எழுதினார் என்று பிறகு படித்தேன்.

மழைத்துளி:
அவருக்கும் காலையில் கை நடுங்கும். நாளைக்கே பாட்டிலைக் கொட்டிவிட்டு வீட்டிலேயே நிறுத்தச் சொல்லட்டுமா?

பழைய பேனா:
வேண்டாம்மா. நடுக்கம் இருப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் புத்தி குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. போன முறை ஒன்றும் ஆகவில்லையே என்று நினைக்காதீர்கள். டாக்டர் மேற்பார்வையில், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு.

ஈரக்காற்று:
எனக்குக் குழந்தை இல்லை. முந்தின இரவு யாருக்கு என்ன மெசேஜ் அனுப்பினேனோ என்று பயப்படாமல் போனை எடுத்த முதல் காலை, அதுதான் என்னை இதுவரை இழுத்து வந்திருக்கிறது.

மழைத்துளி:
கேட்டுவிட்டேன். 3 என்றார். ஏன் 1 இல்லை என்றேன். வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம், நீயும் வா" என்றார்.