நோட் என்றால் ஸ்வரமா, குறியா, கட்டையா?

ரேவதி_திருச்சி:
என் மகளுக்குப் பத்து வயது, ஒரு வருஷமாகப் பியானோ கற்றுக்கொள்கிறாள். போன வாரம் வகுப்பில் சின்னதாக ஒரு தேர்வு வைத்தார்கள். ட்ரெபிள் கிளெஃப் என்கிற தொடக்கக் குறி போட்டு ஐந்து கோடு, அதில் கீழிருந்து இரண்டாவது கோட்டின் மேல் ஒரு கறுப்புப் பொட்டு, பொட்டிலிருந்து மேலே ஒரு குச்சி. "இந்த நோட்டின் பெயர் என்ன?" என்று கேள்வி. இவள் "ஜி" என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்துவிட்டு "குரோச்செட்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை.

நான் சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றவள். எனக்கு நோட் என்றால் ஸ்வரம், அவ்வளவுதான் தெரியும். அகராதியைப் புரட்டினால் டோன், பிட்ச், கீ என்று வரிசையாக இணைச்சொல் வருகிறது. எல்லாம் ஒன்றுதானா? அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஆர்கன்_பாளை:
அக்கா, முதலில் பாப்பாவிடம் அவள் எழுதியது சரி என்று சொல்லிவிடுங்கள். கேள்வியைத்தான் சரியாகக் கேட்கவில்லை. கால அளவு வேண்டுமென்றால் "நோட் வேல்யூ என்ன" என்று கேட்டிருக்க வேண்டும்.

லத்தீனில் "நோட்டா" என்றால் குறி, அடையாளம். காகிதத்தில் வைக்கும் குறிக்கு இருந்த பெயர்தான் காதில் கேட்கும் ஒலிக்கும் சேர்ந்தே ஆகிவிட்டது. அந்த ஒரு பொட்டு இரண்டு விஷயம் சொல்கிறது: எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு உயரத்தில் ஒலிக்க வேண்டும் என்று தெரியும், பொட்டு நிரம்பியிருக்கிறதா, குச்சி இருக்கிறதா, குச்சியில் வால் இருக்கிறதா என்பதை வைத்து எவ்வளவு நேரம் என்று தெரியும். ஜி என்பது உயரத்தின் பெயர், குரோச்செட் என்பது நேரத்தின் பெயர். நோட் என்ற சொல் இரண்டையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இதிலும் பிரிட்டிஷ்காரர்கள் குரோச்செட் என்பதை அமெரிக்காவில் குவார்ட்டர் நோட் என்பார்கள். சிறுபிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர்தான் சுலபம், முழுசு, அரை, கால் என்று கணக்காகப் போய்விடும். பிரிட்டிஷ் பெயர்கள் பழைய காலத்துச் சரக்கு. "ப்ரீவ்" என்றால் குறுகியது என்று அர்த்தம், ஆனால் இன்றைக்கு நாம் பார்க்கிற நோட்டுகளில் அதுதான் மிக நீளமானது!

சொல்தேடி:
அகராதி அடுக்கித் தருகிற இணைச்சொற்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போட்டால் மாட்டிக்கொள்வோம். நான் இசைக் கட்டுரைகள் மொழிபெயர்ப்பவன், மாட்டியிருக்கிறேன்.

டோன்: அமெரிக்கர்கள் நோட் என்ற பொருளிலும் சொல்வார்கள். இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பன்னிரண்டு டோன் முறை என்பது பன்னிரண்டு நோட்டுகளைத்தான் குறிக்கிறது. இங்கிலாந்துப் பாடப்புத்தகத்தில் அதே டோன் இரண்டு நோட்டுக்கு நடுவே உள்ள தூரம்: சி-யிலிருந்து டி ஒரு டோன், ஈ-யிலிருந்து எஃப் அரை டோன். கிதார்காரரிடம் கேட்டால் டோன் என்பது ஒலியின் குணம்.

பிட்ச் என்பது உயரம் மட்டும். இப்போது ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 440 அதிர்வு), 1939-ல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஒப்புக்கொண்டது. ஆனால் பரோக் இசை (பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) வாசிப்பவர்கள் பலர் 415-க்குச் சேர்த்துக்கொள்கிறார்கள், கிட்டத்தட்ட அரை டோன் கீழே. நோட்டின் பெயர் அங்கேயும் ஏ-தான், பிட்ச்தான் வேறு. இந்த ஒரு உதாரணம் போதும், இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு.

மெல்லிசை_மதுரை:
கீ பற்றி நான் சொல்கிறேன். பியானோவில் விரல் வைக்கும் இடமும் கீ, பாட்டு நிற்கிற சுருதியும் கீ. பிரிட்டிஷ்காரர்கள் விரல் வைக்கும் அந்தக் கட்டையையே நோட் என்றும் சொல்வதுண்டு, "கறுப்பு நோட்டுகள்" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் நாமும் இதையேதான் செய்திருக்கிறோம். மேடையில் "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று கேட்கிறோமே, அது ஆர்மோனியத்தின் கட்டைதான். சி ஒரு கட்டை, சி ஷார்ப் (சி-க்கு அடுத்த கறுப்புக் கட்டை) ஒன்றரை, ஜி ஐந்து. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது. பாப்பாவைக் கீபோர்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

வயலின்_சாவித்திரி:
ரேவதி, நோட் என்றால் ஸ்வரம் என்று நீங்கள் நினைத்ததில் ஒரு திருத்தம் சொல்லட்டுமா? ஜி என்பது கீபோர்டில் அசையாத ஓர் இடம். ச அப்படியில்லை, நீங்கள் எங்கே சுருதி வைக்கிறீர்களோ அதுதான் ச. ஸ்வரம் என்பது ஆதார சட்ஜத்தோடு, அதாவது அந்த ச-வோடு, உள்ள உறவு. இன்னொன்று, தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) பாடிப் பாருங்கள், ரி-க்கும் ம-வுக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவு முழுவதும் சேர்ந்துதான் ஒரு ஸ்வரம். கீபோர்டில் எந்த ஒரு கட்டையை அழுத்தினாலும் அது வராது.

அதனால்தான் முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரண ராகத்தில் சம்ஸ்கிருத வரிகள் போட்டவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று தனிப்பெயர் நின்றிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கமகம் என்கிற அந்த அசைவு இல்லாமல் நேர்நேராக நிற்கிற ஸ்வரங்கள் அவை. "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுதான். உங்களுக்கும் மகளுக்கும் பொதுவாக ஒரு பாட்டு வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேவதி_திருச்சி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி சாவித்திரி அம்மா சொன்னதைச் செய்து பார்த்தோம். அவளுடைய பியானோ புத்தகத்திலேயே அந்த மெட்டு இருந்தது. அவள் ஜி ஜி ஏ, எஃப் ஷார்ப் ஜி ஏ என்று வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து கட்டையில் ச ச ரி, நி ச ரி என்று பாடினேன். அப்படியே பொருந்தியது. முதல் வரியில் விரலை வைத்து "அம்மா, முதல் மூணும் குரோச்செட்" என்றாள்.