நியூஃபவுண்ட்லாந்து மண்ணில் ஐரிஸ் வருமா?

செம்பருத்தி:
கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் பக்கம் இருக்கிறோம். மேலே ஒரு சாண் கருப்பு மண், அதற்குக் கீழே மண்வெட்டி போட்டால் கல்தான். பிஎச் (மண்ணின் அமில அளவு) பார்த்தால் 5, நல்ல அமில மண். போன செப்டம்பர் கடைசியில் பியர்டட் ஐரிஸ் (இதழில் தாடி மாதிரி மயிர் இருக்கும் பூச்செடி) கிழங்கு நட்டேன். பனி உருகியபின் பார்த்தால் பாதி மண்ணுக்கு மேலே வந்து கிடக்கிறது, மீதியை அழுத்தினால் கூழாகி நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?

பனிக்காட்டான்:
சுண்ணாம்பை விடுங்கள், செடியை மாற்றுங்கள். ஜூலை வாக்கில் அங்கே ஈரப் பள்ளங்களில் நீலமாகப் பூத்து நிற்குமே, அது புளூ ஃபிளாக், ஐரிஸ் வெர்சிகலர். அமில மண், சதுப்பு, கடுங்குளிர் எல்லாம் அதற்குப் பிறந்த வீடு. கியூபெக் 1999இல் மாகாணப் பூவாக எடுத்துக்கொண்டதும் இதைத்தான். தோட்டத்துக்குக் கொஞ்சம் பகட்டாக வேண்டுமென்றால் சைபீரியன் ஐரிஸ், பிஎச் 5.5 இருந்தாலே போதும், மக்கு உரம் மட்டும் நிறையக் கலந்துவிடுங்கள். ஜப்பானிய ஐரிஸுக்கோ சுண்ணாம்பே ஆகாது, ஆனால் பூக்கும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும்.

கல்தோட்டம்:
அதற்காக பியர்டட் ஆசையை விட வேண்டியதில்லை அக்கா. ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி கட்டி, ஜல்லியும் மக்கும் கலந்து நிரப்பி, இலையுதிர் காலத்திலேயே டாலமைட் சுண்ணாம்பு போட்டு வையுங்கள், அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். ஆகஸ்ட் நடுவுக்குள் நட்டுவிட வேண்டும், செப்டம்பர் கடைசியில் நட்டால் மண் உறைவதற்குள் வேர் பிடிக்காது, உங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க உறைந்து உருகி உறைந்து உருகி கிழங்கை மேலே தள்ளிவிடும். கிழங்கின் முதுகு வெயில் பட வெளியே தெரியணும், மூடிவிட்டால் பூ வராது. நாற்றம் அடிக்கிறது என்றால் பாக்டீரியா அழுகல், கெட்டியான சதை வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு மீதியை வெயிலில் காயவைத்து நடுங்கள். யூரியா மாதிரி நைட்ரஜன் உரம் பக்கத்திலேயே வேண்டாம். உயரமான ரகம் உங்கள் காற்றுக்கு நிற்காது, குட்டை ரகமாகப் பாருங்கள்.

செம்பருத்தி:
சரி, கூரைத் தண்ணீர் விழுகிற மூலையில் எப்போதும் சொதசொதப்பு, அங்கே புளூ ஃபிளாக் வைக்கிறேன். மஞ்சள் ஐரிஸ் சும்மா தருகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அதையும் சேர்த்து வைக்கலாமா?

பனிக்காட்டான்:
அந்த மஞ்சள் ஐரிஸ், ஐரிஸ் சூடகோரஸ் என்ற இனம் என்றால் வாங்காதீர்கள். ஓடையில் இறங்கினால் விதையும் கிழங்கும் தண்ணீரோடு போய் ஊரையே பிடித்துக்கொள்ளும். நாய் வளர்க்கிறீர்களா? எந்த ஐரிஸ் ஆனாலும் கிழங்கு விஷம், தோண்டிக் கடிக்கிற நாய் என்றால் வேலி போட்டுவிடுங்கள். பிரிக்கும்போது கையுறையும் போடுங்கள், சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும்.