ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில் உயிர் தப்பியவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா?

ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையை (ஹோலோகாஸ்ட்) நினைவுகூரும் வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்துக்கு ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். லிஃப்டில் நான்காவது மாடிக்கு ஏறி, ஒவ்வொரு தளமாக இறங்கி, போலந்தில் நாஜிகள் நடத்திய மைதானெக் வதைமுகாமிலிருந்து வந்த செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். நேரம் இருந்தால் ‘ஃபர்ஸ்ட் பெர்சன்’ நிகழ்ச்சிக்கும் உட்காருங்கள். 2000-லிருந்து நடக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்த ஒருவரும் கேள்வி கேட்பவர் ஒருவரும் மேடையில் அமர்ந்து பேசுவார்கள். திரையில் குடும்பப் படங்கள் வரும். அப்புறம் நாமும் கேள்வி கேட்கலாம்.

நான் போன அன்று பேசிய அம்மையாரைச் சிறு குழந்தையாக இருந்தபோது ஹாலந்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் மறைத்து வைத்து வளர்த்ததாம். போர் முடிந்ததும் பெற்ற தாய் உயிரோடு வந்து கூப்பிட்டிருக்கிறார். பெரியவர்கள் எல்லாம் ஆண்டு, ஊர், ஹிட்லர் என்று கேட்டுக்கொண்டிருக்க, பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “உங்கள் அம்மாவோடு போக உங்களுக்கு ஆசையாக இருந்ததா?” என்றான். அவர் சிரித்துவிட்டார். “இல்லை. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். ஒளிவதில்தான் எனக்கு நல்ல பழக்கமாயிற்றே!” அரங்கமும் சிரித்தது, உடனே அடங்கியது. அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள்.

கடைசி வார்த்தை எப்போதும் பேச வந்தவருக்குத்தான் என்பது அங்கே வழக்கம். அது முடிந்ததும் கூட்டம் முழுக்க எழுந்து நிற்க, நம்மைப் பின்னணியாக வைத்து அவரைப் படம் எடுக்கிறார்கள். உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்களேன்.

*

சிகாகோ பக்கம் இருக்கிறேன். எங்களுக்கு ஸ்கோக்கியில் இல்லினாய் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம். 1977-ல் அந்த ஊரில் ஊர்வலம் போகப்போவதாக நவநாஜிக் கும்பல் ஒன்று அறிவித்தது. நாஜி முகாம்களிலிருந்து தப்பி வந்த பலர் குடியிருந்த ஊர் அது. அதுவரை வாய் திறக்காதவர்கள் அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார்கள். முதலில் கடை மாதிரி ஒரு சின்ன இடம். இப்போதுள்ள பெரிய கட்டடம் 2009-ல் திறந்தது.

அங்கே ஹோலோகிராம் (ஆள் எதிரே இருப்பதுபோல் தோன்றும் ஒளி உருவம்) அரங்கு ஒன்று உண்டு. போலந்தில் ஒரு வீட்டுப் பரணில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்த ஏரன் எல்ஸ்டர் 2018-ல் காலமாகிவிட்டார். ஆனாலும் மேடையில் உட்கார்ந்திருக்கிறார், நாம் கேட்டால் பதில் சொல்கிறார். நூற்றுக்கணக்கான கேள்விகளை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நாம் கேட்பதற்குப் பொருத்தமான பதிலைக் கணினி எடுத்துக் கொடுக்கிறது. நம் ஆள் ஒருவர் முன்னுரையோடு நீட்டி முழக்கிக் கேட்க, வழிகாட்டிப் பெண்மணி அதைச் சுருக்கி ஒரே வரியில் மைக்கில் திருப்பிக் கேட்டார்!

வித்தை காட்டுகிறார்கள் என்ற நினைப்போடுதான் உட்கார்ந்தேன். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் அந்த உருவம் சும்மா இருப்பதில்லை. மூச்சு விடுகிறது, கண் சிமிட்டுகிறது, அடுத்தது என்ன என்பதுபோல நம்மைப் பார்க்கிறது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது, பாதியில் எழுந்து போகவும் மனம் வரவில்லை. ஒன்று கவனித்தேன். பள்ளிப் பிள்ளைகள் இதனிடம் எதையும் கேட்கிறார்கள்: பசித்தால் என்ன சாப்பிட்டீர்கள், கோபம் இருக்கிறதா, கடவுளை நம்புகிறீர்களா. எதிரே உயிருள்ள முதியவர் இருந்தால் புண்படுவாரோ என்று தயங்கியிருப்பார்கள். இருந்தாலும் மேலே சொன்ன கட்டில் பதில் மாதிரி ஒன்று அந்த நொடியில் பிறப்பது இதில் நடக்காது.

*

வாஷிங்டனில் ஏப்ரல், மே வாக்கில் நினைவு நாட்கள் வரும். அணையா விளக்கு எரியும் நினைவு மண்டபத்தில் இறந்தவர்களின் பெயர்களை உரக்க வாசிப்பார்கள். பார்க்க வந்தவர்களும் வாசிக்கலாம். என் கையிலும் ஒரு தாள் வந்தது. போலிஷ் பெயர்களில் நாக்கு சுளுக்கிக்கொண்டது. நடுவில் ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வந்துகொண்டே இருந்தது; அதற்கப்புறம் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. இதைவிட அதிகமாகச் சொல்லத் தெரியவில்லை.

*

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? என் மகனுக்கு ஒன்பது வயது.

*

வாஷிங்டனில் நிரந்தரக் காட்சி 11 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்று அருங்காட்சியகமே சொல்கிறது, அதை மீறாதீர்கள். ‘ஃபர்ஸ்ட் பெர்சன்’ பேச்சுகள் யூடியூபில் இருக்கின்றன. முதலில் நீங்கள் ஒன்றைக் கேட்டுப் பார்த்து, தாங்குவான் என்று தோன்றினால் அவனோடு உட்கார்ந்து கேளுங்கள். தனியாக விட வேண்டாம். கேள்வி கேட்டுத் துளைப்பான்.