கார்பைனுக்கு மேகசின் பக்கவாட்டில், உஸிக்குக் கைப்பிடிக்குள்: ஏன்?

பொருநைக்கரையான்:
பாளையங்கோட்டையில் போலீஸ் ஆயுதங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள், ஒன்பதாவது படிக்கிற மகனைக் கூட்டிப் போனேன். 9 எம்எம் கார்பைனை (குட்டையான தானியங்கித் துப்பாக்கி) பார்த்துவிட்டு, "மேகசின் ஏம்ப்பா இடப்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கு? உஸியில கைப்பிடிக்குள்ளதான போகும்?" என்று கேட்டான். மேகசின் என்றால் தோட்டா அடுக்கும் பெட்டி, உஸி இஸ்ரேல்காரன் துப்பாக்கி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பட்டாளத்தில் இருந்த அண்ணாச்சிமார் யாராவது விளக்குங்களேன்.

வள்ளியூர்க்காரன்:
தம்பி, அது பிரிட்டன்காரனின் ஸ்டெர்லிங், நம்ம கான்பூர் ஆலையில் செய்தது. நான் பல வருஷம் தூக்கிய துப்பாக்கி. மேகசின் கீழே தொங்கினால் குப்புறப் படுக்கும்போது தரையில் முட்டும், பக்கத்தில் இருந்தால் மண்ணோடு ஒட்டிப் படுக்கலாம். 34 தோட்டா பிடிக்கும், உள்ளே தோட்டாவைத் தள்ளுகிற இடத்தில் வெறும் தகடு இல்லாமல் இரண்டு உருளை இருக்கும், அதனால் சிக்காமல் ஏறும். போல்ட்டின் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி வெடிக்க வைக்கிற இரும்புத் துண்டு) உடம்பில் திருகு மாதிரி வரி வெட்டியிருப்பார்கள், புழுதி போனால் அதுவே வழித்துத் தள்ளிவிடும். தேரிக்காட்டு மணலில் நடந்தவனுக்கு அதன் அருமை தெரியும். என்ன, முள்ளுக்காட்டுக்குள் போனால் மேகசின் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

பாபநாசத்தான்:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் நீளத்தையும் சொன்னால்தான் பையனுக்கு முழுசாகப் புரியும். சுட்டதும் போல்ட் பின்னால் போய்த் திரும்ப இடம் வேண்டும், அதை முழுக்கக் குழலுக்குப் பின்னால் விட்டால் துப்பாக்கி நீண்டுவிடும். உசியல் கால் வடிவமைத்த உஸியில் போல்ட்டின் முன்பகுதி பொள்ளல், பேனா மேல் மூடி ஏறுகிற மாதிரி குழலின் பின்பகுதி மேல் ஏறிக்கொள்ளும். அதனால் தோட்டா ஏறுகிற இடம் கைப்பிடிக்கு நேர் மேலே வந்துவிடும், மேகசினையும் அதற்குள்ளேயே வைக்கலாம். செக் நாட்டுத் துப்பாக்கி ஒன்றில் முன்பே வந்த யோசனைதான். தோளில் முட்டுக்கொடுக்கிற கட்டையை மடக்கினால் ஸ்டெர்லிங் 48 செ.மீ., அதில் குழல் 20 செ.மீ. கூட வராது. உஸி 47 செ.மீ.தான், குழலோ 26 செ.மீ.! உஸியின் கனம் 3.5 கிலோ, ஸ்டெர்லிங் 2.7 என்பதால் தூக்க ஸ்டெர்லிங்தான் சுகம். ஆனால் உஸியில் மேகசின் கைப்பிடிக்குள் போவதால் இருட்டிலும் ஒரு கை இன்னொரு கையைத் தேடிப் போனால் போதும், மாற்றிவிடலாம். கைப்பிடியின் பின்னால் ஒரு பூட்டும் உண்டு, உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால்தான் வெடிக்கும்.

பொருநைக்கரையான்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. மகன் பேனாவையும் மூடியையும் வைத்துச் செய்து பார்த்துவிட்டான். இப்போது நம்ம நாட்டில் புதிதாகச் செய்வது எந்த மாதிரி என்று கேட்கிறான்.

வள்ளியூர்க்காரன்:
புனேயில் வடிவமைத்த ஜேவிபிசி என்று ஒரு கார்பைன் இருக்கு தம்பி. தோட்டா 9 எம்எம் இல்லை, 5.56. அதிலும் மேகசின் கைப்பிடிக்குள்தான்.